கவிழ்த்து வைக்க ஓர் இடம்

அப்பாவின் பரிசல் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, அதை எங்கே வைப்பது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. 2024 பொங்கல் முடிந்த வாரம். ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் ஏறும் மலைப்பாதையில், குட்டியானை வண்டியில் சாய்த்து நிறுத்தி, குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார்கள். ஏழடி வட்டம் அந்த வண்டிக்குள் படுக்காது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டே டிரைவர், "எங்கண்ணா எறக்கட்டும்?" என்று கேட்டார். அப்பா வலது தோளைத் தேய்த்துக்கொண்டு சும்மா நின்றார்.

அம்மாதான் சொன்னாள்: "எங்கியாவது எறக்குங்க. புளி காயப்போடற எடத்துல மட்டும் வேணாம்."

கடைசியில் அங்கேதான் இறக்கினோம். எங்களுக்கு இருப்பது மூன்று சென்ட் இடம். முன்னால் சிமென்ட் வாசல், பின்னால் ஒரு வேப்பமரமும் கொஞ்சம் மண் தரையும். ஏழடி வட்டம் அப்போதைக்கு உட்கார வாசலை விட்டால் வேறு இடமில்லை.

அப்பா முப்பது வருடத்துக்கு மேல் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டியவர். பரிசலுக்கு ஒரே துடுப்புதான். முன்னால் உட்கார்ந்து, தண்ணீரைத் தன்பக்கமாக இழுத்து இழுத்துப் போக வேண்டும். வட்டமான படகுக்கு முன், பின் என்று எதுவும் கிடையாது. துடுப்பு கொஞ்சம் பிசகினால் நின்ற இடத்திலேயே சுற்றும். சுற்றுலா வருகிறவர்களுக்கு அந்தச் சுற்றல்தான் விளையாட்டு. "இன்னொரு ரவுண்டுண்ணா" என்பார்கள். தோளுக்குத்தான் அது விளையாட்டாக இல்லை. எலும்பு டாக்டர், தலைக்கு மேல் கையைத் தூக்குகிற வேலை இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பரிசல்காரருக்கு அந்த வேலை ஓட்டுவதோடு முடிவதில்லை. சவாரி முடிந்தபின் பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு பாறைகளில் நடந்து பழைய துறைக்கே வர வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய காளான் ஒன்று இரண்டு கால் முளைத்து நடப்பதுபோல இருக்கும். சின்ன வயதில் அதில் எந்தக் காளான் அப்பா என்று கண்டுபிடிப்பது எனக்கும் அக்காவுக்கும் ஒரு போட்டி.

நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஊருக்கு வருவேன். பரிசல் வீட்டுக்கு வந்தது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அப்பா இனி ஆற்றில் இருக்க மாட்டார். பரிசலும் வீட்டிலேயே இருக்கும். பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும். நான் இப்படித்தான் நினைத்தேன். அப்பா என்ன நினைத்தார் என்று கேட்கவில்லை.

*

ஆற்றங்கரையில் எந்தப் பரிசல்காரரும் தரையைப் பற்றி யோசித்து நான் பார்த்ததில்லை. அங்கே பாறை இருக்கிறது. ஒகேனக்கல் என்ற பெயரே கன்னடம். 'ஹொகே' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை. அருவித் தண்ணீர் அடித்துத் தெறிக்கிற சாரலில் பாறை புகைகிற மாதிரி தெரியும். அந்தப் பகுதியில் கிடைக்கும் கார்பனடைட் என்ற பாறைக்குச் சுமார் 240 கோடி வயது என்று புவியியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் மேடான பாறையாகப் பார்த்து, ஒருபக்கம் சின்னக் கல்லை முட்டுக் கொடுத்துப் பரிசலைக் கவிழ்த்துவிட்டு வந்துவிடுவார்கள். மழை பெய்தால் முதுகில் வழிந்து ஓடும். அடியில் காற்று நுழையும். பாறையில் கரையான் புற்று வைக்காது. வெயில் வந்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் உலர்ந்துவிடும்.

தாத்தா காலம் வேறு. அவர் நாகமரையில் பரிசல் விட்டவர். அது மேட்டூர் அணையின் நீர்த்தேக்கக் கரை. எதிர்ப்பக்கம் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. 1934இல் கட்டி முடித்த அணை. முழுக் கொள்ளளவு 120 அடி. தண்ணீர் குறையும்போது பண்ணவாடியில் பழைய தேவாலயத்தின் கோபுரமும், ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளியே தெரியும். அங்கே கரை ஒரே இடத்தில் இருக்காது. இன்றைக்குப் பரிசல் கட்டிய இடம் அடுத்த மாதம் வெடித்த வண்டல் நிலமாகக் கிடக்கும்; அதற்கடுத்த மாதம் யாராவது அதில் விதைத்திருப்பார்கள். ஈர வண்டலில் பரிசலை வைத்தால் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதனால் தாத்தா எப்போதும் கூடவே நாலு வேலாங்கட்டை வைத்திருப்பாராம். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க அவரும் கட்டைகளோடு இறங்கிக்கொண்டே போவார். "உங்க தாத்தனுக்குத் தரைன்னா அந்த நாலு கட்டதான்" என்று அப்பா சொல்வார்.

இந்த வட்டப்படகு பழையது. 1520களில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பாயஸ், கூடைபோல முடைந்து வெளியே தோல் போர்த்திய வட்டப்படகுகளில் ஆட்களோடு குதிரையும் மாடும்கூட ஆற்றைக் கடப்பதை எழுதியிருக்கிறார். அதற்கும் இரண்டாயிரம் வருடம் முன்னால், பாபிலோனுக்கு வரும் வட்டப்படகுகளைப் பற்றி கிரேக்கரான ஹெரோடோட்டஸ் எழுதினார். அதை முதல்முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆர்மீனியாவிலிருந்து சரக்கோடு வரும் படகில் ஒரு கழுதையும் இருக்கும். ஊர் சேர்ந்ததும் சரக்கை விற்று, மரச்சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதைமேல் ஏற்றித் தரைவழியாகத் திரும்புவார்கள். எதிர்நீச்சல் போட முடியாத ஆறு. போகும்போது படகு கழுதையைச் சுமக்கும். வரும்போது கழுதை படகைச் சுமக்கும். மேலைநாட்டில் படகை ட்ரெய்லரில் இழுத்து வந்து வீட்டு முற்றத்தில் நிறுத்துகிறார்கள். வேல்ஸ் நாட்டு மீனவர்கள் சின்ன வட்டப்படகை வாரில் மாட்டி முதுகில் சுமந்துகொண்டு போவார்கள். எங்களுக்குத் தலையும் குட்டியானையும்.

*

வாசலில் வைத்த பரிசலை நான் மல்லாத்திப் போட்டேன். அக்கா பிள்ளைகள் உள்ளே ஏறி விளையாட வேண்டும் என்று கேட்டார்கள். அப்பா, "கவுத்து வெய்டா" என்றார். "ரெண்டு நாளைக்குப்பா" என்றேன். அடுத்த பதினைந்து நாளில் வந்தபோது அம்மா பரிசலுக்குள்ளேயே புளியைக் கொட்டி வைத்திருந்தாள். பிள்ளைகள் விளையாட்டும் அம்மாவின் புளியுமாக ரெண்டு நாள் மூன்று மாதமானது.

பரிசலின் உடம்பு மூங்கில் பத்தைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியது. தாத்தா காலத்தில் வெளியே மாட்டுத்தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றி, மேலே தாரைக் காய்ச்சிப் பூசுகிறார்கள். ரோட்டுக்குப் போடுகிற தார் 50 டிகிரியை ஒட்டி இளக ஆரம்பிக்கும். 2024 ஏப்ரலில் தருமபுரி வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. அது நிழலில் அளந்த கணக்கு. மத்தியானத்தில் சிமென்ட் தரையில் வெறுங்காலை வைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் சூடு எவ்வளவு என்று தெரியும். அந்தச் சித்திரையில் புளியை அள்ளிவிட்டுப் பரிசலைத் தூக்கினோம். தூக்க வரவில்லை. நானும் மாமாவும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தபோது தோல் உரிகிற மாதிரி ஒரு சத்தம். தாரும் ஷீட்டும் உள்ளங்கை அகலத் துண்டுகளாகத் தரையிலேயே ஒட்டிக்கொண்டு, அடிப்பக்கம் நாலைந்து இடத்தில் மூங்கில் தெரிந்தது.

அப்பா கோபப்படவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசலில் கறுப்பாக ஒட்டியிருந்ததைச் சுரண்டியெடுக்கக் கொத்துக்கரண்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டாவது தப்பை நான் அன்றைக்கே செய்தேன். பின்னால் வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய்ச் சரியாகக் கவிழ்த்தேன். மண்ணில் படக் கூடாது என்று சுற்றிலும் பத்து செங்கல்லை வைத்து அதன்மேல் உட்கார வைத்தேன். மழை படாமல் இருக்க மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டு, தரைவரைக்கும் இழுத்துக் கல் வைத்தேன். பார்க்க அவ்வளவு பத்திரமாக இருந்தது. போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

அப்பா பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூச்சு முட்டுமேடா அதுக்கு."

மே மாதம் கோடைமழை பெய்தது. நான் இரண்டு முறை ஊருக்கு வந்தும் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஜூலை நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விலக்கிப் பார்த்தேன். உள்ளேயிருந்து புழுங்கல் வாடை அடித்தது. ஆறு செங்கல்லில் பென்சில் கனத்துக்கு மண் கோடுகள் ஏறியிருந்தன. கரையானுக்கு வெளிச்சமும் ஆகாது, காய்ந்த காற்றும் ஆகாது. அதனால் தரையிலிருந்து ஈரத்தையும் கூட்டிக்கொண்டு, மண்ணில் குழாய் கட்டி அதற்குள்ளேயே ஏறும். செங்கல் அதற்குத் தடையே இல்லை, ஏணி. செங்கல் ஈரத்தை உறிஞ்சியும் வைத்துக்கொள்ளும். தார்ப்பாய் வெயிலையும் காற்றையும் தடுத்துவிட்டது. மூன்று மாதமாகப் பூமியிலிருந்து எழும்பிய ஆவி வெளியேறாமல் உள்ளேயே நின்றிருக்கிறது. கரையானுக்கு இதைவிடச் சௌகரியமான வீட்டை யாராலும் கட்டித் தர முடியாது.

அப்பா குனிந்து, இடது கை விரல் கணுவால் விளிம்பைச் சுற்றித் தட்டிக்கொண்டே போனார். நல்ல மூங்கில் 'டக்' என்கும். தின்ற மூங்கில் 'பொத்' என்கும். வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு 'பொத்'. ஓரிடத்தில் விரல் உள்ளேயே போய்விட்டது.

"நான்தான்ப்பா கெடுத்துட்டேன்" என்றேன்.

"இது கரையான் பண்ணது. உளுவு உள்ளருந்து வரும், மாவு மாதிரி கொட்டும். அது மூங்கில் வெட்டனவன் தப்பு. தேய்பிறையில வெட்டணும், தண்ணியில ஊறப்போடணும். கரையான் கீழருந்து வரும். அது வெச்சவன் தப்பு." இதை அவர் குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை, வித்தியாசம் தெரியட்டும் என்று சொன்ன மாதிரிதான் இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

*

அந்த மாதக் கடைசியில் ஆற்றில் வெள்ளம். கர்நாடகத்து அணைகள் திறந்ததில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டி வந்தது. அதே ஆறு அந்த ஏப்ரலில் சில நூறு கன அடியாக இளைத்துப்போய், பாறைகளுக்கு நடுவே வாய்க்கால் மாதிரி கிடந்தது. அருவியில் குளிக்கத் தடை, பரிசல் ஓட்டத் தடை. 2018இலும் 2022இலும் இப்படித்தான். வெள்ளம் வந்தால் பரிசல்காரர்களுக்கு வாரக்கணக்கில் வேலை இருக்காது. வறட்சி வந்தாலும் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற மாதங்கள்தான் வருமானம்.

சித்தப்பா மகன் போன் செய்தான். மேட்டுப் பாறையில் கவிழ்த்து வைத்திருந்த அவனுடைய பரிசல் ராத்திரியோடு போய்விட்டது. எல்லாரும் இன்னும் மேலே ஏற்றியபோது இவன் காய்ச்சலில் படுத்திருந்திருக்கிறான். அப்பா போனை வாங்கி, "ஆளு நல்லாகிறியா? அது போதும் வுடு" என்றார். வைத்தபின் நேராகப் பின்பக்கம் போய் எங்கள் பரிசலின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பாறை எவ்வளவு நல்ல தரையாக இருந்தாலும், ஆறு வந்து கேட்டால் கொடுத்துவிடும்.

நான் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். சிமென்ட் பார்த்தாயிற்று, மண் பார்த்தாயிற்று. வீட்டிலேயே பாறை மாதிரி ஒரு தரை வேண்டும். மேலைநாட்டில் ட்ரெய்லரோடு படகு நிறுத்துகிறவர்களுக்கும் இதே தலைவலிதான் என்று தேடிப் படித்தபோது தெரிந்தது. புல்தரையில் நிறுத்தினால் டயர் புதையும், அடியில் ஈரம் நின்று இரும்பு துருப்பிடிக்கும். கான்கிரீட் போடச் செலவு அதிகம். நடுவில் ஜல்லி. அவர்களுக்குப் பயம் துரு, எனக்குக் கரையான். இரண்டுக்கும் வேர் ஈரம்தான்.

பக்கத்துத் தெரு மேஸ்திரி அண்ணனைக் கூட்டிவந்து காட்டினேன். கிரஷர் பவுடரைக் கொட்டி இடித்துவிட்டால் தரை நைசாக இருக்குமே என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"தம்பி, வெளக்குத் திரி எப்பிடி எண்ணெய இழுக்குது? பவுடரும் அப்பிடித்தான் கீழ இருக்கற தண்ணிய மேல இழுக்கும். உனுக்கு வேண்டியது பெரிய கல்லு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல சந்து இருந்தா தண்ணி எறங்குமே தவிர ஏறாது."

ஒன்றரை ஜல்லி போடச் சொன்னார். ஒன்பதடிக்கு ஒன்பதடி, அரையடி ஆழம் என்றால் நாற்பது கன அடி. அரை யூனிட்டுக்கும் குறைவு. அடியில் பிளாஸ்டிக் விரித்தால் புல் முளைக்காதே என்றதற்கு, "தொட்டி கட்டின மாதிரி ஆயிடும், தண்ணி எங்க போவும்?" என்றார். வேப்பமரத்திலிருந்து தள்ளி இடம் குறித்தோம். மரத்தடியில் நிழல் நல்லதுதான். ஆனால் இலைச் சருகு ஜல்லிச் சந்தில் விழுந்து மக்கி, இரண்டே வருடத்தில் மறுபடி மண்ணாகிவிடும். மேல்மண்ணை அரையடி வெட்டி எடுத்து, கரையான் போன வழியெல்லாம் தோண்டி, வேலிப்பக்கமாகச் சரிவு வைத்துத் திமிசு போட்டு இடித்தோம். ஜல்லி நகராமல் சுற்றிலும் கல் பதித்தோம்.

அதற்கு மேல் எங்கள் மாவட்டத்துக்கே உரிய பொருள். இந்தப் பக்கம் வேலிக்கு மரக்கம்பம் நடுவதைவிடக் கல்லுக்கால் நடுவதுதான் அதிகம். குவாரிகள் உள்ள ஊர். பழைய வேலியில் பிடுங்கிப் போட்டிருந்த ஏழடிக் கல்லுக்கால் இரண்டை வாங்கி, நாலடி இடைவெளியில் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்தோம். ஒரு கல்லுக்கடியில் இரண்டு அங்குலம் உயர்த்தினோம். கவிழ்த்த பரிசலின் விளிம்பு அந்த இரண்டு கல்லிலும் நாலு இடத்தில் மட்டும் உட்காரும். கருங்கல் ஈரத்தைச் செங்கல் மாதிரி குடிக்காது. கரையான் அப்போதும் வரலாம். ஆனால் வந்தால் ஜல்லியையும் கல்லையும் தாண்டி வெளிச்சத்தில் குழாய் கட்ட வேண்டும். பார்த்ததும் தட்டிவிடலாம். தார்ப்பாய் கிடையாது. வெயிலுக்கு நாலு கம்பு நட்டு மேலே தென்னங்கீற்று, நாலு பக்கமும் திறப்பு.

இரண்டு வார விடுமுறை நாட்களும் ஒரு மாதத்து ஓவர்டைம் பணமும் போனது. அப்பா தினமும் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முடித்த அன்று எழுந்துவந்து ஜல்லியில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றச் சொன்னார். தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கி மறைந்தது. "பாற மாதிரிதான் கீது" என்றார்.

பிறகு சொன்னார்: "விளிம்பப் பிரிச்சிப் பின்னணும். மூங்கில் சொல்லிவுட்டுக்கிறன். நீ தான் கை."

முப்பது வருடத்தில் அவர் என்னிடம் துடுப்பைக் கொடுத்ததில்லை. கேட்டபோதெல்லாம், "என்னோட போவட்டும், நீ படி" என்பார். இப்போது அவர் கட்டிலில் உட்கார்ந்து வாயால் சொல்ல, நான் மூங்கிலைப் பிளந்தேன். தோல்பக்கம் எது, சதைப்பக்கம் எது, எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும், எந்த இடத்தில் ஈரத்துணி வைத்து வளைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக. புதுப் பரிசலையே ஒரு நாளில் பின்னிவிடுவார்கள். எனக்கு மூன்றில் ஒரு பங்கு விளிம்புக்கு மூன்று ஞாயிறு ஆனது. கடைசியில் புது ஷீட் சுற்றி, தார் காய்ச்சிப் பூசி, கல்லுக்கால்மேல் கவிழ்த்தோம். அழகாக இருந்தது. இனி இருபது வருடம் இருக்கும் என்று நினைத்தேன்.

அப்பா விரல் கணுவால் சுற்றித் தட்டினார். எல்லா இடத்திலும் 'டக்'. "செரி. நாளைக்கு வண்டிக்குச் சொல்லு. தம்பி வந்து எடுத்துக்கினு போவட்டும்."

எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது. "இவ்ளோ செஞ்சது வீட்ல வெக்கத்தானப்பா?"

"வீட்ல வெச்சி? உங்கம்மா புளி கொட்றதுக்கா?"

"நீங்க ஓட்டனது..."

"ஓட்டனது ஓட்டிட்டன். அவன் ரெண்டு மாசமா கூலிக்குப் போறான்டா. இது இங்க குந்திகினு என்னா பண்ணும்?"

நான் பேசவில்லை. எட்டு மாதமாக நான் இடம் தேடியது பரிசலுக்கில்லை, ஓய்ந்துபோன அப்பாவுக்குத்தான் என்பது அப்போது உறைத்தது. அவரை ஆற்றிலிருந்து பிரித்துப் பத்திரமாக ஓரிடத்தில் வைத்துவிட வேண்டும் என்று இருந்தேன். அவர் மூன்று ஞாயிறும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது தண்ணீருக்குப் போகிற ஒரு பரிசலுக்காக.

மறுநாள் குட்டியானை வந்தது. தம்பி அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏற்றிக்கொண்டு போனான். ஜல்லித் தரை வெறுமையாகக் கிடந்தது. அந்தத் தையில் அம்மா கல்லுக்கால் இரண்டின்மேலும் பலகை போட்டுப் புளி காயவைத்தாள். "நல்ல காத்து, ரெண்டு நாள்ல காயுது" என்று எனக்குப் போனில் சொன்னாள். சொல்லும்போது ஒரு சிரிப்பு இருந்தது.

2025 ஜூன் கடைசியில் ஆறு மறுபடி ஏறியது. பரிசலுக்குத் தடை போட்ட அன்று சாயங்காலம் தம்பி போன் செய்தான். "பெரியப்பா, பாறையில வெக்க பயமாகீது. உங்கூட்டாண்ட கொண்டாந்து வெக்கட்டா?"

நான் அந்த வாரம் ஊரில்தான் இருந்தேன். பலகையை எடுத்து வைத்துவிட்டு, ஜல்லியில் முளைத்திருந்த நாலு புல்லைப் பிடுங்கினேன். ராத்திரி எட்டு மணிக்கு வண்டி வந்தது. நானும் தம்பியும் தூக்கிக் கல்லுக்கால்மேல் கவிழ்த்தோம். பரிசலின் முதுகில் இன்னும் ஆற்றின் ஈரம் இருந்தது. ஒரு வருட ஓட்டத்தில் தார் தேய்ந்து, நான் பின்னிய விளிம்பு பழைய விளிம்போடு நிறம் சேர்ந்துவிட்டிருந்தது.

அப்பா டார்ச் லைட்டோடு வந்தார். இடது கை விரலால் சுற்றித் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்று, திரும்பவும் ஒருமுறை தட்டினார். "இங்க கொஞ்சம் தளர்ந்துகீது. தண்ணி எறங்கறதுக்குள்ள கட்டிடலாம்" என்றார். பிறகு என் பக்கம் டார்ச்சைத் திருப்பி, "ஞாயித்துக்கெழம இருப்ப இல்ல?" என்று கேட்டார்.

இருப்பேன் என்றேன்.